காற்று வாங்கிய எஞ்சின்

கடற்கரைக்குப் போகிறவர்கள் காற்று வாங்கத்தான் போவார்கள். எங்கள் படகின் எஞ்சினும் அதே காரியத்தைத்தான் செய்தது. ஒரே ஒரு வித்தியாசம். நாம் காற்று வாங்கினால் உடம்புக்கு நல்லது. எஞ்சின், டீசலோடு சேர்த்துக் காற்று வாங்கினால் அப்படியே நின்றுவிடும். அதுவும் எங்கே நிற்கக் கூடாதோ அங்கே!

'பி.காம். படித்தவனுக்குப் படகோடு என்னய்யா சகவாசம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மாமனாரும் அதைத்தான் கேட்டார். காரணம் என் கல்லூரித் தோழன். காஸ்ட் அக்கவுண்டன்சி பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்தே ஃபெயிலான உத்தமன். இப்போது புதுச்சேரியில் சிமென்ட் ஏஜென்சி வைத்திருக்கிறான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 26 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டான். வாங்கிய நாள் முதல் 'கேப்டன்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான்.

நான் கால் பங்கு பணம் போட்டேன். கால் பங்குக்காரனுக்கு என்ன பதவி கிடைக்கும்? கேஷியர்! சனிக்கிழமை ஈ.சி.ஆர். பஸ் பிடித்துப் போவேன். டீசல், கயிறு, பெயின்ட், டீ, பஜ்ஜி எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவேன். ஞாயிறு ராத்திரி சென்னைக்குத் திரும்புவேன்.

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு? கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் எதற்கோ அதற்குத்தான். கரன்ட் இருக்கும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாலி கட்டும் நேரத்தில் கரன்ட் போனால்தான் அருமை தெரியும். எங்களுக்குத் தாலி கட்டும் நேரம் என்பது முகத்துவாரம். அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் படகுகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிய அலைத்தடுப்பு. நடுவே அடிக்கடி மணல் தூர்ந்துபோகும். அந்தச் சந்தில் பாயை நம்பி நுழைவது, ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் கார் ஓட்டுவது மாதிரி. எஞ்சின் வேண்டும்.

எங்களுடையது இரண்டு சிலிண்டர், 20 குதிரை சக்தி. ஜனவரியில் ஒரு நாள் கடலில் போய்க்கொண்டிருக்கும்போது அது முதல் தடவையாக முனகியது. வேகம் தானாக ஏறியது, தானாக இறங்கியது. 'ஊ... உம்... ஊ... உம்...' அப்புறம் மௌனம்.

"ஏர் புடிச்சிக்கிச்சுண்ணா" என்றான் தம்பி.

தம்பி என்றால் கூடப் பிறந்த தம்பி அல்ல. வீராம்பட்டினத்துப் பையன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். வயது இருபத்திரண்டு இருக்கும். பேச்சு குறைவு. கையில் 12-ஆம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

அவன் சொல்லித்தான் எனக்கு டீசல் எஞ்சினின் சூட்சுமம் புரிந்தது. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். நசுங்குகிற கோபத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. சரியாக அந்த நேரத்தில் டீசலைப் பூப்பூவாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் என்ஜினீயர் 1897-ல் இப்படி ஓடும் எஞ்சினைச் செய்து காட்டினார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகிற கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் அறைக்குப் போனவர் காலையில் இல்லை. கடலில்தான் போனார். அதென்னமோ, டீசலுக்கும் கடலுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

தெளிக்கிற வேலையைச் செய்வது நாசில். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வந்தால்தான் அது வாயைத் திறக்கும். டீசல் திரவம். அழுத்தினால் சுருங்காது, அழுத்தத்தை அப்படியே கொண்டுபோய் நாசிலில் சேர்க்கும். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் போச்சு. காற்று நம் ஆபீஸ் ஜால்ரா மாதிரி. மேனேஜர் அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும், ஃபைல் மட்டும் நகராது. பம்ப் தன்பாட்டுக்கு அழுத்தும். நாசில் திறக்காது. எஞ்சின் நிற்கும்.

சரி, காற்று எப்படி உள்ளே வருகிறது? எங்கள் டேங்க் எஞ்சினைவிடத் தாழ்வாக, படுக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஃபீட் பம்ப் ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல டீசலை உறிஞ்சுகிறது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே வரும். 'கொர் கொர்' என்று சத்தம் வருமே, அது! அதனால்தான் இந்த வியாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். டீசல் ஒழுகினால் கறை தெரியும், நாற்றம் வரும். இது உள்பக்கமாக ஒழுகுவது. வெளியே எல்லாம் துடைத்து வைத்தது போல சுத்தமாக இருக்கும்.

தம்பி முறையாகத்தான் செய்தான். முதலில் ஃபில்டர் மூடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை விட்டான். அப்புறம் டீசல் பம்பில் அதே மாதிரி. கடைசியில் நாசில் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டான். "கையைக் கிட்ட கொண்டு வராதீங்கண்ணா. அந்த வேகத்துல தெறிக்கிற டீசல் தோலைத் துளைச்சிக்கிட்டு உள்ள போயிடும்" என்றான். நான் இரண்டடி தள்ளி நின்று கொண்டிருந்தேன். நான்கடியாக ஆக்கிக்கொண்டேன்.

எஞ்சின் கிளம்பிவிட்டது. கரைக்கு வந்ததும் ஃபில்டரையும் அதன் வாஷரையும் மாற்றினோம். கேப்டன் "ஃபுல் டேங்க் போடு" என்றான். காலி இடம் இருந்தால் டேங்குக்குள் ஈரம் வேர்த்துத் தண்ணீர் சேரும் என்று எங்கோ படித்திருக்கிறான். நல்ல பழக்கம்தான். ரிப்பேர் முடிந்ததும் சூடம் கொளுத்துவது போல அதையும் ஒரு சடங்காக வைத்துக்கொண்டான்.

மூன்று நாலு வாரம் எஞ்சின் சொக்கத் தங்கமாக ஓடியது. பிப்ரவரியில் மறுபடி 'ஊ... உம்...'

இந்தத் தடவை ஹோஸ், கிளிப் எல்லாம் புதுசு. ஃபுல் டேங்க். நாலு வாரம் தங்கம். மார்ச் ஆரம்பத்தில் மறுபடியும். தம்பி ஃபீட் பம்பை மாற்றினான். ஒவ்வொரு இணைப்பிலும் புது காப்பர் வாஷர் போட்டு முறுக்கினான். ஃபுல் டேங்க். தங்கம். ஒவ்வொரு தடவையும், 'இந்த சாமான்தான்டா வில்லன், மாட்டிக்கிட்டான்' என்று கை குலுக்கிக்கொண்டோம். என் நோட்டில் ரிப்பேர் செலவு 14,300 ரூபாயைத் தொட்டது.

அப்புறம் வந்தது அந்த மார்ச் கடைசி ஞாயிறு.

சாயங்காலம் ஆறு மணி. கொண்டல் காற்று அப்படியே செத்துப்போயிருந்தது. படகில் கேப்டன், அவனுடைய ஒன்பது வயசுப் பெண், தம்பி, நான். குழந்தை ஆரஞ்சு கலர் மிதவை ஜாக்கெட் போட்டுக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். முகத்துவாரத்துக்குள் நுழைகிறோம். இடது பக்கம் கருங்கல் வரிசை நாற்பது மீட்டர்கூட இருக்காது. அலை ஒவ்வொன்றும் எங்களை அந்தப் பக்கமாகத்தான் தள்ளுகிறது.

'ஊ... உம்... ஊ... உம்...'

நின்றேவிட்டது.

சினிமாவில் இந்த மாதிரி நேரத்தில் பின்னணி இசை வரும். நிஜத்தில் வரவில்லை. கல்லில் அலை மோதும் சத்தம் மட்டும்தான் கேட்டது. கேப்டன் ஸ்டார்ட்டரை விடாமல் அமுக்கினான். தம்பி பாய்ந்து கீழே போனான். "நங்கூரத்தைப் போடுடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான் கேப்டன். ரிசர்வ் பேங்க் கவர்னர் பதவியைக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தூக்கிப் போட்டேன். கயிறு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நின்றது. கல்லுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பஸ் நிறுத்தலாம். அவ்வளவுதான் மிச்சம். குழந்தை முறுக்கைக் கையில் வைத்தபடி, தின்னாமல், அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு ஃபைபர் படகுக்காரர்கள் பார்த்துவிட்டுக் கயிறு போட்டு இழுத்துவந்து கரை சேர்த்தார்கள். பணம் நீட்டினால் வாங்கவில்லை. "டீ வாங்கிக் குடுங்க சார், போதும்" என்றார்கள்.

கரையில் இறங்கியதும் கேப்டனின் பயம் முழுக்கக் கோபமாக மாறியது. கோபத்துக்கு ஒரு தலை வேண்டுமே?

"போன தடவை மொத்தத்தையும் கழட்டி முறுக்கினது நீதானே? ஒரு நட்டைக்கூட உன்னால ஒழுங்கா டைட் பண்ண முடியாதா? என் பொண்ணு இருந்தாடா உள்ள!"

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். 'முறுக்கும்போது நீங்களும் பக்கத்துலதானே டார்ச் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க?' என்று கேட்பது போல. ஆமாம், நின்றேன். ஒவ்வொரு நட்டையும் அவன் இரண்டு தரம் முறுக்கியதைப் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. 'அவன் கைதான் காரணமாக இருக்குமோ' என்று எனக்கும் தோன்றியது. தவிர, யாரையாவது திட்டி முடித்தால் சீக்கிரம் பஸ் பிடிக்கலாம்.

கேப்டன் சொல்லச் சொல்ல நோட்டில் நானே எழுதினேன். 'வேலைக் குறைபாடு. சம்பளத்தில் பிடித்தம் ரூ. 1,500.' என் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் துறைமுகத்தில் ஒரு வயசான மேஸ்திரியைப் பிடித்தோம். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "சந்தேகப்பட்டு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா கடைசியில படகைத்தான் மாத்தணும். மொதல்ல எந்தப் பக்கம்னு பிரிக்கணும்."

ஒரு ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, படகின் டேங்கைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்பை நேராக அந்தக் கேனில் உறிஞ்சவைத்தார். கேனைத் தூக்கி மாட்டாமல் தரையிலேயே வைத்தார். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி வந்து ஓட்டையை மறைத்துவிடுமாம். எஞ்சின் ஒரு மணி நேரம் சலிக்காமல் ஓடியது. ஆக, பம்பிலிருந்து நாசில் வரைக்கும் குற்றவாளி இல்லை. வழக்கு பாதியாகக் குறைந்தது.

அடுத்தது டேங்க் பக்கம். மாட்டியிருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஹோஸை மாட்டினார். குமிழ் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். ஓடவே இல்லை. அப்புறம் குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, கைப் பம்பால் லேசாக அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் பூசினார். உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடுகிற ஓட்டை, அழுத்தும்போது நுரை விட்டுக் காட்டிக்கொடுக்குமாம். எங்கேயும் நுரை இல்லை. தம்பி போட்ட ஒவ்வொரு வாஷரும், முறுக்கிய ஒவ்வொரு நட்டும் நூற்றுக்கு நூறு.

"முறுக்கினவன் நல்ல வேலைக்காரன் சார்" என்றார் மேஸ்திரி. கேப்டன் கடலைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன்.

"எப்பெப்ப நின்னுச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் அவர்.

தேதி தனியாக எழுதவில்லை. ஆனால் பைசா கணக்கு இருந்ததே! எஞ்சின் நின்ற மறுநாளெல்லாம் ரிப்பேர், உடனே டீசல். டீசல் பில்களை வரிசையாகப் படித்தேன். ஜனவரியில் 20.5 லிட்டர். பிப்ரவரியில் 19.8. மார்ச் ஆரம்பத்தில் 20.6. கல்லில் மோத இருந்த ஞாயிறுக்கு மறுநாள் 20.2.

மறுபடி படித்தேன். நாலு பில்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. டேங்க் மொத்தம் 40 லிட்டர். அப்படியென்றால்...

"ஒவ்வொரு தடவையும் அரை டேங்குல நின்னிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தினார். "உறிஞ்சுற குழாயை வெளிய எடு" என்றார்.

டேங்குக்குள் மேலிருந்து அடிவரை செங்குத்தாக இறங்குகிற ஒரு குழாய் அது. உள்ளே இருப்பதால் அதை யாரும் பார்த்ததில்லை, தொட்டதில்லை, சோப்பும் பூச முடியாது. வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை விரலால் அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி மேலிருந்து ஊதினார். நடுவில், பற்றவைத்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். 'புளுக்... புளுக்...' என்று குமிழ்.

இவ்வளவுதான் விஷயம்! டேங்க் நிறைய இருக்கும்போது விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும். அதன் வழியாகவும் டீசல்தான் வரும், பாதகமில்லை. மட்டம் பாதிக்குக் கீழே இறங்கினால் விரிசல் வெளியே தலையைக் காட்டும். குழாய் டீசலையும் காற்றையும் சேர்த்துக் குடிக்கும். அரை மணியில் எஞ்சின் படுத்துவிடும். நாங்கள் என்ன செய்தோம்? ஒவ்வொரு ரிப்பேர் முடிந்ததும் ஃபுல் டேங்க் போட்டு ஓட்டையை மூழ்கடித்துவிட்டு, 'ஆஹா, சரியாகிவிட்டது' என்று புது சாமானுக்குப் பாராட்டு விழா நடத்தினோம். மேஸ்திரி சோதனை செய்த அன்றைக்கும் டேங்க் நிறையத்தான் இருந்தது. அதனால்தான் கண்ணாடி ஹோஸில்கூடக் குமிழ் வரவில்லை.

புதுக் குழாய்க்கு ஆன செலவு 350 ரூபாய்.

அன்று ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, தப்பு எங்கே என்று தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று தனியாக எழுதி வை. தேடு. கிடைத்ததும் அதற்குரிய இடத்தில் எழுது. அதற்குள் அவசரப்பட்டு யார் பேரிலாவது பற்று எழுதிவிடாதே. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு முழு மார்க். வாழ்க்கையில் வந்தபோது ஒரு பையனின் பேரில் 1,500 ரூபாய் எழுதிவிட்டேன்.

மறு ஞாயிறு கேப்டனும் நானும் வீராம்பட்டினம் போனோம். கரையில் ஏற்றியிருந்த ஒரு ஃபைபர் படகில் தம்பி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கேப்டன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தை மறந்துவிட்டான். "டேங்குக்குள்ள இருந்துச்சுடா... குழாய்ல... உன் மேல தப்பே இல்ல... நான்தான்..." என்று உளறினான். நான் 1,500 ரூபாயை நீட்டினேன்.

தம்பி உடனே வாங்கவில்லை. "குழாய்ல எந்த இடத்துலண்ணா?" என்றான். சொன்னேன். மணலில் விரலால் டேங்க் ஒன்று வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"நான் சரியாத்தான் முறுக்கினேன்னு தெரியும்ணா. ஆனா நின்னுடுச்சே? பாப்பா வேற இருந்துச்சு. அதனால எனக்கே எம் மேல சந்தேகம். ரெண்டு வாரமா எந்த நட்டைத் தொட்டாலும் மூணு தரம் முறுக்குறேன். நேத்து ஒரு போல்ட்டை ஓவரா முறுக்கி ஒடைச்சிட்டேன்."

1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எந்தக் கணக்கில் எழுதித் திருப்பிக் கொடுப்பது?

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிமென்ட் தூசி என்று சமாளித்தான். ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில், சிமென்ட் தூசி!

"ஆமா, அன்னிக்கு எஞ்சின் நின்னதும் கீழ ஓடினியே, எதுக்குடா?" என்று கேட்டேன்.

"கடல் தண்ணி வர்ற வால்வை மூடத்தான்ணா. எஞ்சின் ஓடாம ஸ்டார்ட்டரை மட்டும் சுத்திக்கிட்டே இருந்தா, தண்ணி சைலன்சர்ல ரொம்பி எஞ்சினுக்குள்ள போயிடும். அப்புறம் எஞ்சினே காலி." ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். நாங்கள் அவனைத் திட்டுவதற்கு முன்பே எங்கள் எஞ்சினை அவன் காப்பாற்றியிருக்கிறான். திட்டு வாங்கும்போதும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது தம்பி மறுபடி எங்களோடு வருகிறான். புதுக் குழாய் போட்ட பிறகு கால் டேங்க் வரை இறக்கி, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேப்டனை ஃபுல் டேங்க் போட அனுமதித்தான்.

நோட்டில் பழைய வரியை நான் அடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. கீழே புது வரி எழுதினேன்: 'மேற்படி பிடித்தம் தவறு. தவறு செய்தவர் கேஷியர்.' தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து சூப்பர்ணா" என்றான்.